வடக்கு வடக்குதான்

காலினின் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்தது நான்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மர்டினா. அன்றைக்கு நடந்ததில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே தவறு அதுதான். மலை மீட்புக் குழுவின் கொட்டகையில், நீளப் பெஞ்சில், அவனுடைய கையுறைக்கும் என் தேநீர்க் குடுவைக்கும் நடுவே அது கிடந்தது. நான் நூறு கிலோ. கண்ணாடி என்ன செய்யும், பாவம். நொறுங்கிய சத்தம் கேட்டு நீகூடத் திரும்பிப் பார்த்தாய். நான் எழுந்து பின்பக்கத்தைத் தடவிக்கொண்டு, "இப்பதான் எனக்குப் பின்னாடியும் கண்ணு தெரியுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். காலினும் சிரித்தான். வளைந்த கம்பியை மூக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல விடு, இந்த மலைய நான் கண்ண மூடிக்கிட்டே நடப்பேன்" என்றான்.

அதை ஞாபகம் வைத்துக்கொள். அவன் வாயால் சொன்னது அது.

ஆறு வாரமாக உன்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முட்டிக்கு மாத்திரை வாங்க உன் மருத்துவமனைக்கு வந்தபோது கேட்டேன். தபால் நிலைய வாசலில் கேட்டேன். தேவாலயத்தில், பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, முன் வரிசையிலிருந்து திரும்பிக் கேட்டேன். நான் கீழே போய்ச் சேர்ந்த நேரத்தில் காலின் பிழைக்க வழி இருந்ததா, இல்லையா. அவ்வளவுதான் கேள்வி. நீ ஒவ்வொரு தடவையும் "அத யாரு கண்டா, டூகல்" என்றாய். "இப்ப எதுக்கு அதெல்லாம், ராத்திரி தூங்குறீங்களா" என்றாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நம் பள்ளத்தாக்குக்காரனிடம் மழை பெய்யுமா என்று கேட்டால், நனைந்துகொண்டே "பெய்யலாம், பெய்யாமலும் போகலாம்" என்பான்.

இன்றைக்கு நீ கதவைச் சாத்தினாய். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டாய். "அங்க கீழ நீங்க பார்த்தத, செஞ்சத, ஒண்ணு விடாம சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் நேராவே பதில் சொல்றேன்" என்றாய். நியாயமான பேச்சு. வெளியே ஹ்யூகினா உன்னைப் பார்க்க இருமிக்கொண்டே காத்திருக்கிறாள். அவள் இருமலுக்கு இருபது வயதாகிறது. இன்னும் அரைமணி நேரம் பொறுக்கும்.

நீ எழுதிக்கொள்கிறாய் போலிருக்கிறது. அப்படியானால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். எழுத்தில் ஓட்டை இருக்கக் கூடாது.

நாற்பத்தொரு வருஷமாக வேட்டை எஸ்டேட்டில் மான்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்த்துக்கொள்வது என்றால், இலையுதிர் காலத்தில் பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு மலையேறி, எந்தக் கொம்புமானைச் சுடலாம் என்று கை காட்டுவது. அவர்கள் வீடு திரும்பிய பிறகு, குளிர்காலம் முழுக்க நான் தனியாகப் பெண்மான்களைச் சுடுவது. விட்டால் பெருகி, புல் போதாமல் செத்துவிடும் என்பதால் கொல்வது. விழுந்த இடத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே இழுத்துப் போட்டுவிட வேண்டும். ஆவி பறக்கும். பனிநாளில் கைக்கு அது நல்ல கதகதப்பு. மீதியைக் கயிறு கட்டி இழுத்து வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மலையில் வழி தவறிய மனிதர்களைத் தேடுவேன். ஆறு நாள் கொன்றுவிட்டு ஏழாம் நாள் காப்பாற்றுகிறவன் என்று என்னை நானே கேலி செய்துகொள்வதுண்டு. உன்னையே ஒன்பது வயதில் சதுப்பிலிருந்து இழுத்தேன். உன் பூட்ஸ் ஒன்றை மலை இன்னும் திருப்பித் தரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு விருந்தாளி ஒரு பெண்மானைத் தாடையில் சுட்டுவிட்டார். அது ஓடிவிட்டது. மூட்டம் இறங்கியது. விருந்தாளிக்குப் பசி. நான் தேடாமல் அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். நான்காம் நாள் அண்டங்காக்கைகள் எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தன. கீழ்த்தாடை தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்கள் இரண்டும் போயிருந்தன. உயிர் இருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து நிற்கப் பார்த்தது. கத்தி வண்டியில் இருந்தது, கல்லால்தான் முடித்தேன். காதுக்குப் பின்னால், கழுத்து மண்டையோடு சேரும் பள்ளத்தில் அடித்தால் ஒரே அடி போதும். அன்றைக்கு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அடிபட்டதை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். இதுவரை மீறியதில்லை. எனக்கு இளகிய மனசு. ஊருக்கே தெரியும்.

இனி மலை. மியோல் மோர் என்றால் நம் பழைய பாஷையில் பெரிய உருண்டை. பெயர் வைத்தவர்கள் அதிகம் மெனக்கெடவில்லை. கூர்மையான முகடு கிடையாது, போட்டோ எடுக்க எதுவும் கிடையாது. கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருக்கும். தெற்கிலிருந்து ஹெதர் புதர் வழியாக ஒன்றரை மணி நேரம் சோம்பேறித்தனமாக ஏறினால் உச்சிக் கற்குவியல். அங்கிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வழவழப்பு. அதில்தான் ஆபத்து. மூன்று பக்கம் பஞ்சு மாதிரி இறங்கும் மலை, வடக்கே முந்நூறு எட்டில், யாரோ ரொட்டியைக் கடித்து எடுத்த மாதிரி நின்றுவிடும். அந்தக் குடைவின் விளிம்பை வெயிலில் பார்த்தால் அழகு. மூட்டத்தில் பார்க்க முடியாது. பார்த்துவிட்டால் அதற்குள் காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

அதனால்தான் நம் குழு நவம்பர் முதல் சனிக்கிழமை அந்த மலையில் குருட்டு நடை நடக்கிறது. போன்கள் எல்லாம் கொட்டகையின் ரொட்டிப் பெட்டிக்குள். மூட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் திட்டிக்கொண்டே போவது. உச்சியில் கூடி, ஒவ்வொருவராக, திசைகாட்டியை மட்டும் நம்பித் தெற்கே ஒரு மைல் நடந்து பழைய வேலிக் கம்பத்தைத் தொட வேண்டும். கிளம்புமுன் குழுவில் மூத்தவன் ஒவ்வொருவர் திசைகாட்டியையும் வாங்கித் தன்னுடையதோடு வைத்துப் பார்ப்பான். "வடக்கு வடக்குதான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பான். பிறகு அவர்கள் தொப்பியைக் கண்ணுக்குமேல் இழுத்துவிட்டு, தோளைப் பிடித்து மூன்று சுற்று சுற்றிவிடுவான். எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பது மறந்துபோக வேண்டும். பதினொரு வருஷமாக அந்த மூத்தவன் நான். பாதிரியாருக்கு அடுத்தபடி இந்த ஊரில் ஆசீர்வாதம் செய்யும் உரிமை எனக்குத்தான் இருந்தது.

குருட்டு நடைக்கு ஒரே பாடம். நாம் தெற்கே போவதாகத்தான் உடம்பு எப்போதும் சொல்லும். உடம்பு பொய் சொல்லும். மூக்கை நம்பாதே, முள்ளை நம்பு. இதைப் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தது காலின். இருபது வருஷமாகக் குழுத் தலைவன். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவன் நல்லவன். அதையும் எழுதிக்கொள்.

குருட்டு நடைக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மத்தியானம், அவன் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டான். ரேடியோ மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் புது மெத்தை. சிவப்பும் பச்சையும் கட்டம் போட்டது.

"உக்காந்து பாரு," என்றான்.

உட்கார்ந்தேன். நல்ல மெத்தை.

"சனிக்கிழமை நடையோட மலை போதும், டூகல். இனிமே ரேடியோ உன் பொறுப்பு. முட்டி போச்சு. போன மாசம் அந்த ஜெர்மன்காரரத் தூக்கிட்டு வரும்போது ரெண்டு தடவ விழுந்த. ஸ்ட்ரெச்சரோட."

"அவரு கனம்."

"அவரு அறுபது கிலோடா. நீதான் கனம்." சிரித்தான். "அடுப்பு பக்கத்துலயே இருக்கு, சூடா இருக்கும். பிஸ்கட் டப்பாவும் உன்கிட்டயே தந்துடுறேன்."

"ஏன், ஒரு எலும்பும் போடு. நான் என்ன நாயா?"

"நாயா இருந்தா மலைக்குக் கூட்டிட்டுப் போவேனே."

நல்ல நகைச்சுவை. நானே சொல்லியிருக்க வேண்டியது. அவன் போன பிறகும் அந்த மெத்தையில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் சிரித்தேன். ஒரு மெத்தைக்காக யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள், மர்டினா. அப்படி எழுதிவிடாதே.

மேசைமேல் பழுதான ரேடியோ ஒன்று பிரித்துப் போட்டுக் கிடந்தது. அதன் ஒலிபெருக்கிக் காந்தம் என் கைக்கு அருகில் இருந்தது. சுவர் ஆணியில் காலினின் திசைகாட்டி, நீலக் கயிற்றோடு தொங்கியது. காந்தத்தின் பக்கம் திசைகாட்டியைக் கொண்டுபோகாதே என்று எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம் அல்லவா. முள்ளைக் காந்தத்தால் சரியான பக்கமாக நாலு தடவை தேய்த்துவிட்டால், சிவப்பு முனை அன்றிலிருந்து தெற்கைக் காட்டும். அவ்வளவு விசுவாசமான சாமான் அது. புது எஜமானனுக்கு உடனே வாலாட்டும்.

வேடிக்கைக்குத்தான் செய்தேன். வழிகாட்டுவதில் ராஜா என்று பேர் வாங்கியவன், சொந்த மலையில், தன் குழுவுக்கு முன்னால், தலைகீழாக நடந்து அசடு வழிய வேண்டும். அன்றைக்கு ராத்திரி வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். வடக்கே என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா என்று நீ கேட்கலாம். தெரியும். வேடிக்கை செய்யும்போது அவ்வளவு தூரம் யார் யோசிக்கிறார்கள்.

கண்ணாடி விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். உட்காருவதற்கு முன்னால் நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

சனிக்கிழமை மூட்டம் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். தரையில் கணுக்கால் அளவு பனி, மேலே பால். எங்கே தரை முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாத நாள். கண்ணாடி இல்லாத காலினுக்குப் பத்தடிக்கு அப்பால் என்றைக்கும் மூட்டம்தான், அன்றைக்கு ஐந்தடி. வேறு ஆளாக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பான். "தலைவன் பின்வாங்கினா நாளைக்கு நீங்க ஒருத்தரும் வர மாட்டீங்க" என்றான். நீ நான்காவதாகக் கிளம்பினாய். உன் திசைகாட்டியை நான் ஒழுங்காகத்தான் பார்த்தேன், உன் தோளை மூன்று சுற்று சுற்றிவிட்டேன். நீ, "மெதுவா, டூகல், கஞ்சி குடிச்சிருக்கேன்" என்றாய். தலைவன் எப்போதும் கடைசி. நீங்கள் ஐந்து பேரும் வெள்ளைக்குள் மறைந்த பிறகு கற்குவியலில் அவனும் நானும் மட்டும் நின்றோம்.

நீலக் கயிற்றோடு திசைகாட்டியை நீட்டினான். நான் என்னுடையதோடு சேர்த்து வைத்தேன். இரண்டு முள்ளும் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. "வடக்கு வடக்குதான்" என்று சொல்லிக் கொடுத்தேன். நான்கு சுற்று சுற்றிவிட்டேன். ஒன்று கூடுதல், பிரியத்துக்கு.

"போதும்டா, குடல் வாய்க்கு வருது," என்றான். தொப்பியை மேலே தள்ளினான். முள்ளை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். இரண்டு எட்டு வைத்தான். நின்றுவிட்டான்.

"டூகல், காத்து முதுகுல அடிக்குதே. முகத்துல இல்ல அடிக்கணும்?"

கேட்டான் பார். அவன் கேட்டதை நான் மறைக்கவில்லை. பதிலும் உடனே சொன்னேன். "மூக்க நம்பாத, முள்ள நம்பு" என்றேன்.

"என் பாடத்த எனக்கேவா," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

உறைந்த பனியில் பூட்ஸ் நொறுங்கும் சத்தம் நன்றாகக் கேட்டது. நான் எண்ணினேன். தொழில் பழக்கம். மான் எத்தனை எட்டில் நிற்கும், எத்தனை எட்டில் விழும் என்று நாற்பத்தொரு வருஷம் எண்ணியவன். இருநூறு ஆனபோது கூப்பிடலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். குளிரில் தொண்டை கட்டியிருந்தது. இருநூற்று ஐம்பதில் மறுபடி கனைத்தேன். இருநூற்று எண்பத்தாறில் சத்தம் நின்றது.

அவன் கத்தவில்லை. "ஓ" என்றான், வீட்டில் எதையோ மறந்துவைத்துவிட்டு வந்தவன் மாதிரி. பிறகு கல் உருண்டது. ரொம்ப நேரம் உருண்டது.

ரேடியோவில் உங்களைக் கூப்பிட்டேன். காலின் விளிம்பிலிருந்து விழுந்துவிட்டான், நான் பாறைப் பிளவு வழியாக இறங்குகிறேன், கயிறும் ஸ்ட்ரெச்சரும் கொண்டுவாருங்கள் என்றேன். குரல் தெளிவாக இருந்தது என்று நீயே பிறகு பாராட்டினாய். பெண்மான்களை இழுத்து வர நான் பயன்படுத்துகிற பிளவு அது, வேறு யாருக்கும் பழக்கமில்லை. அன்று அதில் நான் இறங்கிய வேகத்தைக் காலின் பார்த்திருந்தால் மெத்தையைக் கடையில் திருப்பிக் கொடுத்திருப்பான். முட்டி ஒரு இடத்தில்கூட மக்கர் செய்யவில்லை.

பாதி உயரத்தில் ஒரு புல்திட்டு இருக்கிறது. அதில் மோதி, அங்கிருந்து சரளைச் சரிவில் உருண்டிருக்கிறான். பனியில் சிவப்புக் கோடு ஒன்று அவன் இருக்கும் இடம்வரை என்னைக் கூட்டிக்கொண்டு போனது. இடது தொடை எலும்பு கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. முகத்தின் ஒரு பக்கம் கல்லில் உரசி உரிந்திருந்தது. காது ஒரு நூலில் ஆடியது. உதடு பிளந்து உள்ளே பல் தெரிந்தது. எனக்கு இதெல்லாம் புதிதல்ல. ஆனால் மான் பேசாது.

"வந்துட்டியா," என்றான். "பிஸ்கட் டப்பா எங்கடா?"

"பேசாத. மூச்ச அடக்காம விடு."

"நான் தெற்கதானே நடந்தேன்?"

"மூட்டம், காலின்."

"மூட்டம் முள்ளுக்கு ஏதுடா." கையில் திசைகாட்டி இருந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, முள் ஆடியது. "உன்னோடத எடு. பக்கத்துல வை."

வைத்தேன். ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அடிபட்டவன் கேட்டதைச் செய்து பழக்கம். அவன் இரண்டையும் முகத்துக்கு அருகில் இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை.

"நாற்காலிக்காகவா, டூகல்?"

"சும்மா வேடிக்கைக்கு."

"மூக்குக்கண்ணாடியும்?"

நான் அவன் காலுக்குமேல் என் கோட்டைப் போர்த்திவிட்டேன்.

"இத நான் சொல்லித்தான் ஆகணும்டா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னான். வாயோரத்தில் ரத்தக் குமிழி ஒன்று ஊதி உடைந்தது. "உன்ன இனிமே மலையில விட முடியாது. யாராச்சும் செத்துருவாங்க." பிறகு, "குளிருது. மர்டினா வர்ற வரைக்கும் கையப் பிடிச்சுக்க" என்றான்.

பிடித்துக்கொண்டேன். இடது கையால்.

இங்கேதான் நீ கவனமாக எழுத வேண்டும். ரேடியோவில் உன் குரல் வந்தது. குடைவின் வாய்க்கு வந்துவிட்டோம், இன்னும் இருபது நிமிஷம் என்றாய். இருபது நிமிஷம் என்பது துடிக்கிற உயிருக்கு எவ்வளவு நீளம் என்று நீ டாக்டர், உனக்குத் தெரியும். அவன் கண்ணைப் பார்த்தேன். பிழைக்காத மிருகத்தின் கண்ணில் ஒரு மங்கல் விழும். அதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அவன் கண்ணிலும் அது இருந்தது. இருந்தது என்றுதான் நினைக்கிறேன், நல்ல வெளிச்சம் இல்லை. தாடை தொங்க நான்கு நாள் நின்ற அந்த மானை நினைத்துக்கொண்டேன். அடிபட்டதை விட்டுவிட்டு வரக்கூடாது.

வலது கைக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டி அளவுக்குக் கல் இருந்தது.

முதல் அடி ஒழுங்காக விழவில்லை. அவன் என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பிவிட்டான், நெற்றிப் பொட்டில் வழுக்கிக்கொண்டு போனது. என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "மன்னிச்சுக்கடா" என்றேன். அப்படிக் கேட்டதுதான் மனிதத்தன்மை என்று நினைக்கிறேன். தலையை நானே மெதுவாகத் திருப்பி வைத்து, காதுக்குப் பின்னால் அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்தேன். மனிதனுக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது அடியில் கால் உதறியது. மூன்றாவதில் அடங்கிவிட்டது. என் விரல்களை அவன் விரல்களிலிருந்து எடுக்கத்தான் நேரமாயிற்று. மானுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கல்லைப் புரட்டி ரத்தப் பக்கம் மேலே வரும்படி அவன் தலைக்கடியில் வைத்தேன். நீலக் கயிற்றுத் திசைகாட்டியைக் குடைவின் அடியில் உள்ள குட்டையில் வீசினேன், பனி அதை முழுதாக மூடியிருக்கவில்லை. சிவப்புக் கயிற்றில் இருந்த என்னுடையதை அவன் மணிக்கட்டில் கட்டினேன். திசைகாட்டி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை, போகும்போதும் மரியாதையாக இருக்கட்டும் என்றுதான். பிறகு அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். அழுகை பொய்யில்லை. நீ வந்தபோது பார்த்தாயே. என் கழுத்தில் கை போட்டு, "விடுங்க, டூகல், விடுங்க" என்று நீதான் என்னைப் பிரித்தாய். பிறகு குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாய். நாடி பார்ப்பதாக எல்லோரும் நினைத்தார்கள். நீ என் சிவப்புக் கயிற்றை அவிழ்த்து, திசைகாட்டியோடு உன் பைக்குள் போட்டுக்கொண்டாய். அன்றிலிருந்துதான் நீ எனக்கு நேரான பதில் சொல்வதை நிறுத்திவிட்டாய் என்று இப்போது தோன்றுகிறது.

சவ அடக்கத்தன்று, சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் எட்டுக் கயிறுகளுக்குக் காலினின் மனைவி டொலினா ஆள் பிரித்தாள். தலைமாட்டுக் கயிறு மகனுக்கு. கால்மாட்டில் இரண்டாம் எண் எனக்கு. "அவருக்கு அண்ணன் தம்பி யாரும் இல்ல, டூகல். நீங்கதான்" என்று எண் எழுதின சீட்டைக் கையில் வைத்தாள். காலினை நான் ஒழுங்காக, ஆட்டம் இல்லாமல் கீழே இறக்கினேன். இந்த முறை சத்தமே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த மெத்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள். "உங்களுக்குன்னு மூணு கடை ஏறி இறங்கினாரு. கெட்டியா இருக்கணும், இல்லன்னா எந்திரிக்கும்போது முட்டி வலிக்கும்னு சொல்லிட்டே இருந்தாரு" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய. குழுவும் என் நிலைமையைப் பார்த்து, கொஞ்ச நாள் மலைக்கு வர வேண்டாம், ரேடியோவைப் பார்த்துக்கொள் என்றது. இப்போது அதில்தான் உட்கார்கிறேன். கெட்டியான மெத்தை. அடுப்பு பக்கத்தில். பிஸ்கட் டப்பா என்னிடம்தான் இருக்கிறது. இதில் ஒரு நகைச்சுவை இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவ்வளவுதான், மர்டினா. விளையாட்டாகத் தொடங்கியது கைமீறிப் போயிற்று. அந்தக் குற்றத்தை நான் ஒத்துக்கொள்கிறேன், அதற்கு என்ன உண்டோ கொடுக்கட்டும். ஆனால் கடைசியில் நான் செய்தது இரக்கம். ஒரு உயிரை இருபது நிமிஷ வேதனையிலிருந்து விடுவித்தேன். அதை மட்டும் நீ எனக்கு எழுதித் தர வேண்டும். நீ அவனைத் தொட்டுப் பார்த்தவள். எலும்பு எலும்பாகப் பார்த்தவள். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் முடிந்துபோனவன்தானே. மழை வரலாம், வராமலும் போகலாம் என்றெல்லாம் வேண்டாம். என் பங்கை நான் கொடுத்துவிட்டேன்.

ஹ்யூகினா இருமலை நிறுத்திவிட்டாள். நீ பேனாவை மூடி வைத்துவிட்டாய். மேசை இழுப்பறையைத் திறந்து என் சிவப்புக் கயிற்றுத் திசைகாட்டியை எடுத்து நமக்கு நடுவில் வைக்கிறாய். ஒன்பது வயதில் சதுப்பிலிருந்து இழுத்துப் போட்டபோது என்னைப் பார்த்தாயே, அப்படி நேராகப் பார்க்கிறாய்.

"தொட எலும்பு ஒடஞ்சிருந்துச்சு. வெலா எலும்பு ரெண்டு. காதத் தச்சிருப்பேன். விழுந்ததுல ஆனது அவ்வளவுதான். அவரு பிழைச்சிருப்பாரு, டூகல். அது உங்களுக்கு அப்பவே தெரியும். அதனாலதான் அடிச்சீங்க."